அம்மா தைத்த வசனமும் பிரேம் கடை பாயும்

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பைபிள் வசனம் தொங்கியது. கட்டம் கட்டமாக நெய்த வெள்ளை மேட்டித் துணியில் சிவப்பு எழுத்து, சுற்றிலும் பச்சைக் கொடி, மூலைக்கு ஒரு மஞ்சள் பூ. 23-ஆம் சங்கீதத்தின் தொடக்கம். ‘மேய்ப்பராயிருக்கிறார்’ என்று முடியும். 1971-இல், பதினாறு வயதில், பாளையங்கோட்டையில் தையல் வகுப்புக்குப் போனபோது அம்மா குறுக்குத் தையலில் போட்டது. டீச்சரிடம் இருந்த புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் கட்டம் இருந்ததாம். அம்மா கணக்கு நோட்டுத் தாளில் தமிழ் எழுத்தைத் தானே வரைந்துகொண்டாள். ‘ய்’, ‘ப்’ எல்லாம் கட்டத்துக்குள் சொன்ன பேச்சு கேட்கும். ‘கி’யும் ‘றா’வும் மல்லுக்கட்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் ‘கி’யின் மேல் வளைவு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும்.

அதில் ஒரு குறை உண்டு. கடைசி ‘ர்’ மேல் புள்ளி கிடையாது. கல்யாணமான பிறகு 1979-இல் அப்பாதான் அதைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். அவர் தமிழ் வாத்தியார். மாட்டிய அன்றே பிழையைப் பிடித்துவிட்டார். “புள்ளியத்தான் விட்டாச்சு, கூட ஒரு கால் போட்டிருந்தா கேள்வியாவது ஆயிருக்கும்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். “நான் வச்சேன்” என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போடுவாள். பிறகு பிறகு அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். அப்பா 2016-இல் போய்ச் சேர்ந்தார்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. அந்தப் பக்கம்தான் எங்கள் பழைய வீடு; தம்பி குடும்பம் இருக்கிறது. நல்லவேளையாக முந்திரிக்கொத்து சுடுவதற்காக அம்மா அந்த வாரம் பாளையங்கோட்டையில் என் வீட்டில் இருந்தாள். அங்கே முன்னறையில் இடுப்பளவு தண்ணீர். வசனம் அதற்கு மேலேதான் தொங்கியது, ஆனால் சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தம்பி அதை பைக்கில் வைத்துக் கொண்டுவந்தான். கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது. ஒரு மூலையில் துணி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் அடித்திருந்த ஹார்டுபோர்டு அப்பளம் போல உப்பியிருந்தது.

“வெயில்ல போடுட்டி, சரியாயிரும்” என்றாள் அம்மா. இந்த ஒரு விஷயத்தில் அவள் பேச்சைக் கேட்காததற்கு இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன். வெயில் ஈரத்தை எடுக்கும், கூடவே நிறத்தையும் எடுத்துக்கொண்டு போகும். போன நிறத்தை எந்தச் சாமியும் திருப்பித் தராது. ஆனால் அதற்கடுத்து நான் செய்ததெல்லாம் அவ்வளவு புத்திசாலித்தனமாக இல்லை.

பிரேமைக் கவிழ்த்து, துருப்பிடித்த ஆணிகளை மூக்குக் குறடால் பிடுங்கினேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த மூலையைக் காய்கறிக் கத்தி நுனியால் நெம்பினேன். மஞ்சள் பூவின் இரண்டு இதழ் கண்ணாடியோடே போய்விட்டது. அவசரப்பட்டிருக்கக் கூடாது. ஈரமான வெள்ளைத் துணியை அந்த இடத்தில் அரை மணி நேரம் வைத்திருந்தால் தானாக விட்டிருக்கும். மற்ற மூலைகளை அப்படித்தான் எடுத்தேன்.

துணியின் நாலு ஓரத்தையும் பின்பக்கம் மடித்து மைதாப் பசையால் ஹார்டுபோர்டில் ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. அந்தக் காலத்தில் புத்தகம் பைண்டு பண்ணுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது இதற்காகத்தான். எங்கள் பிரேமில் துத்தம் இல்லை போலிருக்கிறது. ஓரம் முழுக்கப் பூச்சி அரித்துச் சல்லடையாகியிருந்தது. இருந்தும் அந்தப் பழைய கடைக்காரரை நான் திட்ட மாட்டேன். ஈரத் துணியை வைத்ததும் பசை கஞ்சி மாதிரி இளகி, துணி முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

இதோடு என் மயிலை ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நான் போட்ட சாட்டின் தையல் மயிலை 2009-இல் ஒரு கடையில் பிரேம் போட்டேன். ‘சுருக்கமே விழாது மேடம்’ என்று சொல்லி, துணி முழுவதையும் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் பிளைவுட்டில் ஒட்டிக் கொடுத்தார்கள். சுருக்கம் விழவில்லைதான். பூச்சியும் வரவில்லை. ஆனால் பிளைவுட்டிலிருந்தும் ஹார்டுபோர்டிலிருந்தும் மெல்ல மெல்ல அமிலம் கசியும். துணி பழுத்துப் பழுப்பாகும். மரத்தின் ரேகை இப்போது மயிலின் கழுத்தில் தெரிகிறது. அதைப் பிரிக்கவே முடியாது. நாற்பத்து நாலு வருடம் பூச்சி தின்ற அம்மாவின் துணியை மீட்டுவிட்டேன், பதினைந்து வருடமே ஆன என் துணியை மீட்க முடியவில்லை. அதிலிருந்து பிரேம் கடைக்கு எதை எடுத்துக்கொண்டு போனாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பிற்பாடு இதைப் பிரிக்க முடியுமா?

துணியைத் திருப்பிப் போட்டபோது அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முன்பக்கம் கொடி காய்ந்த வேப்பிலை நிறம். பின்பக்கம், ஒரு தையலிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நூலெல்லாம் கிளிப்பச்சை. ஐம்பத்திரண்டு வருடம் வெளிச்சம் படாத பச்சை.

“ஏட்டி, இதுதான் நான் வாங்குன பச்சை” என்றாள். விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். “நீங்க எல்லாம் பார்த்தது இது இல்லட்டி.”

வெளிச்சம் துணிக்கு என்ன செய்யும் என்று அதற்கு முன்னால் பத்துக் கட்டுரை படித்திருப்பேன். மியூசியங்களில் பழந்துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். நம் வீட்டு ஜன்னலோரத்தில் பகலில் அதைப்போலப் பல மடங்கு விழும். படித்ததெல்லாம் அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்தது துவைப்பு. இங்கேதான் பெரிய தப்பு. சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்த வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்தி எடுக்க வேண்டும். பச்சையைப் பார்த்தேன், மஞ்சளைப் பார்த்தேன். சிவப்பை விட்டுவிட்டேன். ‘ஆங்கர் நூல்தானே, சாயம் போகாது’ என்று ஒரு நினைப்பு. அது ஆங்கர் நூல் இல்லையாம். சிவப்பு நிறைய வேண்டியிருந்ததால் டவுன் ரதவீதியில் மலிவாகக் கிடைத்த நூலை வாங்கினாளாம். அம்மா இதைச் சொன்னபோது வாளித் தண்ணீர் ரோஜா நிறமாகியிருந்தது.

அப்படி ஆகிவிட்டால் செய்யக் கூடாதது, பயந்துபோய் வெளியே எடுத்துப் பிழிந்து காயப்போடுவது. காய்ந்தால் கறை அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். துணியை நனைந்தபடியே வைத்து, குளிர்ந்த தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது. நான் பதினோரு தடவை மாற்றினேன். கடைசி இரண்டு அலசலுக்குப் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர். அது காய்ச்சி வடித்த, அல்லது உப்பு நீக்கிய தண்ணீர். அதில் உப்பும் இரும்பும் இல்லாததால் பின்னால் பழுப்புப் புள்ளி வராது. கை தேய்க்கவே இல்லை, ஒரு பழைய நைலான் கொசுவலைத் துண்டின் மேல் துணியை விரித்து வலையோடு தூக்கித் தூக்கி அமுக்கினேன். ஈரத்தில் பழைய பருத்தி தன் கனத்தையே தாங்காது. பிறகு வெள்ளைப் பூந்துவாலையில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, ஃபேனுக்குக் கீழே மட்டமாகக் காயவிட்டேன்.

கசிந்த சிவப்பில் முக்கால்வாசி போய்விட்டது. ‘மே’யைச் சுற்றி மட்டும் வெளிறிய ரோஜா நிறம் இன்னும் இருக்கிறது. நான் விசாரித்த ஒரு தையல்காரர் பிளீச் போடச் சொன்னார். போடவில்லை.

ஆனால் அந்த ரோஜா நிறம் வேறொரு இடத்திலும் இருந்தது. வலது ஓரத்தில், இத்தனை வருடம் பின்னால் மடிந்து பசைக்கும் அழுக்குக்கும் அடியில் கிடந்த பகுதியில். அங்கே எழுத்தே கிடையாதே என்று உற்றுப் பார்த்தேன். கொடியின் கடைசி இலைக்கு அந்தப் பக்கம் நாலே நாலு சிவப்புத் தையல், சதுரமாக.

அம்மா முதலில் சுற்றுக் கொடியை முழுக்கப் போட்டுவிட்டுத்தான் உள்ளே எழுத்தை நிரப்பியிருக்கிறாள். ‘மேய்ப்பராயிருக்கிறார்’ எவ்வளவு நீளச் சொல்! கடைசி ‘ர’வுக்கு மேலே புள்ளி வர வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஓர் இலை உட்கார்ந்திருக்கிறது. பிரிக்க மனசில்லாமல் இலையைத் தாண்டி வலது பக்கம் தள்ளிப் புள்ளியை வைத்துவிட்டாள். அப்பா கொடுத்த கடையில் பிரேமின் அளவுக்குத் துணியை மடித்தபோது, கொடியின் வெளி வரிசையோடு புள்ளியும் உள்ளே போய்விட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சொன்னேம்லா” என்றாள்.

இந்தத் துணியைப் பார்த்துப் பழக்கமாகி, அடுத்த இரண்டு மாதத்தில் வீட்டில் கிடந்த மற்றவற்றையும் வெளியே எடுத்தேன். அதில் பெரியது ஆச்சியின் ரேந்தை, அதாவது லேஸ். ஆச்சிக்கு இடையன்குடிப் பக்கம். நாகர்கோவிலில் 1820-களிலேயே மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலிசா 1844-இல் கால்டுவெல் ஐயரைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைவேலையும் அந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு வந்தது. திண்டின் மேல் குத்திய அட்டையை வைத்து, ஊசிகளைச் சொருகி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஆச்சி பின்னும்போது கட்டைகள் கடகடவென்று மோதும் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் பின்னிய ரேந்தை வைத்துத் தைத்த ஞானஸ்நானக் கவுனை அம்மா போட்டிருக்கிறாள், நான் போட்டிருக்கிறேன், என் மகன் போட்டிருக்கிறான்.

அந்தக் கவுனைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. நான் சம்மதிக்கவில்லை. அவன் பிள்ளைக்கு அடுத்த வருடம் அது வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் சுவரில் ஏற்ற வேண்டியதில்லை. கவுனிலிருந்த சேஃப்டி பின்னை முதலில் எடுத்தேன் (துரு ஒரு பொட்டு வைத்திருந்தது, அது போகவே இல்லை). கஞ்சி போட்டு வைக்கக் கூடாது. கஞ்சியும் பூச்சிக்குச் சோறுதான். மடிப்பு விழும் இடங்களில் பழைய வேட்டித் துணியை உருட்டி உள்ளே வைத்தால் மடிப்பு கூராக விழாது, நூல் அந்தக் கோட்டில் முறியாது. வருடத்துக்கு ஒரு தடவை வேறு இடத்தில் மடித்து வைக்கிறேன். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றினாலே போதும். அந்துருண்டையைத் துணியின் மேல் போட வேண்டாம். நான் வசம்பைத் துணிப்பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் வைக்கிறேன். உண்மையில் பூச்சியைத் தடுப்பது வசம்பை விட, மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான்.

ஜரிகை இருந்தால் இன்னொன்று. அம்மாவின் கல்யாணப் பட்டு இருந்த பெட்டியில் யாரோ ரப்பர் பேண்டுக் கட்டையும் போட்டிருந்தார்கள். ரப்பரிலிருந்து வரும் கந்தகம் வெள்ளி ஜரிகையைக் கறுக்க வைக்கும். அந்தப் பக்கத்து முந்தி மட்டும் புகை பிடித்த மாதிரி இருக்கிறது.

கவுனில் வைத்தது போக மிஞ்சிய ஒரு முழ ரேந்தையை மட்டும் பிரேம் போட எடுத்தேன். வெள்ளை ரேந்தை எடுப்பாகத் தெரிய கருநீலத் துணி வேண்டும். அந்தக் கருநீலத்தைச் சாயம் நிற்கும்வரை மூன்று தடவை துவைத்தேன், பட்ட அடி போதாதா. ரேந்தையைத் துணியோடு வெள்ளை நூலால் விரலுக்கு ஒரு தையலாகப் பிடித்தேன். ஊசி ரேந்தையின் நூலைக் குத்தக் கூடாது, ஓட்டை வழியாக இறங்கி ஓட்டை வழியாகவே ஏற வேண்டும்.

அப்பாவின் கம்பளி மஃப்ளர் கதை வேறு. அதில் அந்துப்பூச்சி. துவைக்கப் பயமாக இருந்ததால், காய்ந்த நிலையிலேயே பாலித்தீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி வரை போகும். அந்தக் குளிரில் அவ்வளவு நாள் கிடந்தால் முட்டையோடு செத்துவிடும். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் கம்பளி வேர்க்கும். அந்தப் பதினாலு நாளும் நெத்திலிக்குப் பக்கத்தில் மாமனாரின் மஃப்ளர் இருந்ததை என் கணவர் யாரிடமும் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

சரி, வசனத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் சாமி படம், கல்யாண போட்டோ பிரேம் போடும் ஒரு பாய் கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பாய்க்கு என் மேல் முதலில் எரிச்சல்தான் வந்தது.

“கண்ணாடி துணியைத் தொடக் கூடாது பாய்.”

“தொடாம எப்படிம்மா? அந்தரத்திலயா நிக்கும்?”

கண்ணாடி தொட்டால் வேர்க்கும் ஈரம் நேரே துணிக்குப் போகும், இவ்வளவு கூத்தும் அதனால் வந்ததுதான் என்று ஹார்டுபோர்டைக் காட்டிச் சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு மவுண்ட் போர்டு என்கிற கெட்டி அட்டையைக் கால் அங்குல அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி, இரண்டை ஒன்றாக அடுக்கி, பிரேமின் விளிம்புக்கு அடியில் கண்ணாடியைச் சுற்றிலும் வைத்தார். வெளியே துளியும் தெரியவில்லை. நான் சொன்னதை விட அது நல்ல யோசனை.

அட்டையில் துணியை இழுத்துக் கட்டுவதை மட்டும் அளவு முடிவான பிறகு நான் வீட்டிலேயே செய்தேன். அமிலமில்லாத மவுண்ட் போர்டு இங்கே கிடைக்கவில்லை, சென்னையிலிருந்து வரவழைத்தேன். அதன் மேல் கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணி, அதன் மேல் அம்மாவின் துணி. பூச்சி தின்ற ஓரங்களில் புதுத் துணிப்பட்டை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையைப் பின்னால் மடித்து, கயிற்றுக் கட்டில் பின்னுவது போல இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நூலை ஓட்டி இழுத்தேன். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் எழுத்து வரிசை கோணிக்கொள்ளும். நான் இரண்டு தடவை அவிழ்த்தேன். ஒரு சொட்டுப் பசை கிடையாது. நூலை அறுத்தால் துணி தனியாக வந்துவிடும்.

பின்பக்கம் ஹார்டுபோர்டு வேண்டாம் என்றதற்கு பாய் கடைக்குள்ளேயே பதில் வைத்திருந்தார்: தேர்தல் நேரத்தில் போர்டு அடிக்கிற சன்பேக் ஷீட். அது பாலிபுரொப்பிலீன், அமிலமும் விடாது, ஈரமும் குடிக்காது. பிரேமின் கீழ் மூலைகளில் பின்னால் இரண்டு கார்க் துண்டு ஒட்டினார், சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்றோட. ஆணி, கண்ணாடி, பீடிங், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். யார் தைத்தது, எந்த வருடம், எந்த ஊர் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் போட்டுப் பின்னால் ஒட்டினேன். பேனா மை ஈரம் பட்டால் ஊறும்.

முதல் நாள், எல்லாம் பேசி முடித்த பிறகு பாய் டேப்பை வைத்துத் துணியை அளந்தார். “தங்கச்சி, இந்த வலது ஓரம் முக்கால் இன்ச் மடிச்சிட்டா ரெடிமேடு சைஸ்ல அடங்கிரும். காசும் குறையும், கொடியும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, அந்த ஓரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “மடிக்காதீங்க பாய். அங்க ஒரு புள்ளி இருக்கு.”

பாய் விளக்கைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். ‘ஆமா’ என்பது போலத் தலையாட்டிவிட்டு அளவைத் திருத்தி எழுதிக்கொண்டார்.

வசனம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. உள்சுவர், வெயில் படாத இடம், குளியலறைக்கு எட்டி என்று கூடத்தில் ஓர் இடம் பார்த்து ஆணிகூட அடித்துவிட்டேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அவுக படத்துக்கு நேர் எதுத்தாப்ல மாட்டு” என்றாள்.

அந்தச் சுவரில் மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வெயில் நேராக விழும். மறுநாள் போய்த் தடிமனான திரைத்துணி நாலு மீட்டர் வாங்கிவந்தேன்.